ஸ்டென்ட் எங்கே தவறும், ஏன் தவறும்: இதயக் குழாய் ஸ்டென்ட்டின் இயந்திரக் கோளாறுகள் பற்றி முழுமையான வழிகாட்டி

ஆஞ்சியோபிளாஸ்டி (இதயக் குழாயின் அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாயை வைக்கும் சிகிச்சை) முடிந்ததும் வெளியே காத்திருக்கும் வீட்டாருக்குக் கிடைக்கும் சேதி பெரும்பாலும் இதுதான்: "அடைப்பை எடுத்துட்டு ஸ்பிரிங் வெச்சாச்சு." மொரிஷியஸின் போர்ட் லூயிஸிலும் ரோஸ் ஹில்லிலும் அதையே பிரெஞ்சில் "ரெசோர்" என்று சொல்லக் கேட்கலாம். அதிலும் சுருள்வில் என்றே பொருள்.

அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள். அடைப்பை யாரும் எடுக்கவில்லை. அதைக் குழாயின் சுவரோடு சேர்த்து ஓரமாக ஒதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். வைத்ததும் ஸ்பிரிங் இல்லை. ஸ்பிரிங் என்றால் அழுத்தம் நீங்கியதும் தானாக விரிய வேண்டும். 1986 மார்ச் 28இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புவெல் முதன்முதலாக ஒரு மனிதரின் இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட் அப்படித் தானாக விரியும் வகைதான். இன்று வைப்பவை ஏறக்குறைய எல்லாமே வேறு வகை. கோபால்ட் குரோமியம் அல்லது பிளாட்டினம் குரோமியம் உலோகத்தில் வெட்டிய வலைக்குழாயைச் சுருங்கிய பலூன்மேல் இறுக்கி வைத்திருப்பார்கள். பலூனை ஊதினால் உலோகம் வளைந்து, வளைந்த நிலையிலேயே நிற்கும். பலூனை எடுத்த பிறகு அது இன்னும் கொஞ்சம் விரியும் என்று எதிர்பார்க்க வழியில்லை. சற்றே உள்வாங்கத்தான் செய்யும்.

அந்த இருபது, முப்பது விநாடிகளில் பலூன் கொடுத்த அளவுதான் ஸ்டென்ட்டின் ஆயுள் முழுவதற்கும் அளவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கோளாறுகள் எல்லாம் எளிதில் புரியும். இரண்டு வருடம் கழித்து ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் வீட்டில் பழி நோயாளிமேல்தான் விழுகிறது. பிரியாணி சாப்பிட்டார், நடக்கவில்லை என்று. உணவும் நடையும் முக்கியம்தான். ஆனால் அடைத்த ஸ்டென்ட்டை உள்ளிருந்து படமெடுத்துப் பார்த்தால் முதல் நாளிலேயே அது முழுதாக விரியாமல் இருந்திருப்பது அடிக்கடி தெரியவருகிறது. நோயாளியைக் குற்றம் சொல்லும் முன் ஸ்டென்ட்டின் அளவைக் கேளுங்கள்.

முதலில் அளவுக் கணக்கு

இதயக் குழாய் ஸ்டென்ட்டுகள் ஏறக்குறைய 2.25 மி.மீ. முதல் 4 மி.மீ. வரை விட்டத்தில் வரும். அதற்கு மேலும் சில உண்டு. நீளம் 8 மி.மீ.இலிருந்து 48 மி.மீ. வரை. கம்பியின் தடிமன் இப்போதைய வகைகளில் 60 முதல் 90 மைக்ரான். மருந்து பூசிய முதல் தலைமுறை ஸ்டென்ட் ஒன்றில் அது 140 மைக்ரான் இருந்தது.

3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 7.07 சதுர மி.மீ. அதுவே 2.5 மி.மீ.ஆக நின்றுவிட்டால் 4.9. விட்டத்தில் அரை மி.மீ. குறைந்ததும் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், அதே அழுத்தத்தில் அந்த இடத்தைத் தாண்டும் ஓட்டம் கணக்குப்படி பாதியாகிவிடும். "3.0 ஸ்டென்ட் வைத்தோம்" என்று அறிக்கையில் எழுதியிருப்பது பெட்டியின்மேல் அச்சடித்த அளவு. உள்ளே அது 3.0 ஆக விரிந்ததா என்பது தனிக் கேள்வி.

மேசையில் நடக்க வேண்டிய வரிசை

எது விடுபட்டால் எந்தக் கோளாறு வரும் என்று தெரிய, சரியாக நடக்கும்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

1. மணிக்கட்டு வழியாக 6 பிரெஞ்சு அளவுக் குழாய் போகும். ஒரு பிரெஞ்சு என்பது மி.மீ.இல் மூன்றில் ஒரு பங்கு, ஆகவே 6 என்றால் 2 மி.மீ. அதன் வழியே 0.36 மி.மீ. தடிமனுள்ள வயர் அடைப்பைத் தாண்டிப் போகும்.

2. ஸ்டென்ட்டுக்கு முன் வெறும் பலூன். இதை அவசரப்படுத்தக் கூடாது. பலூனை ஊதும்போது எக்ஸ்ரே திரையைப் பாருங்கள்: இரு முனையும் பருத்து, நடுவில் மட்டும் இறுகி, சாமி கையிலிருக்கும் உடுக்கையைப் போல நிற்கும். அழுத்தம் 8, 10, 12 அட்மாஸ்பியர் என ஏற ஏற அந்த இடுப்பு மெல்ல நிமிர்ந்து பலூன் சீரான உருளையாக வேண்டும். 16இல் கூட இடுப்பு நிமிரவில்லை என்றால் அங்கே கால்சியம் கல்லாக இறுகியிருக்கிறது. அந்த நிலையில் ஸ்டென்ட் வைக்கவே கூடாது.

3. உள்ளிருந்து படம். ஐவஸ் என்பது ஒலி அலையால், ஓசிடி என்பது ஒளியால். குழாயின் உண்மை விட்டம், கால்சியத்தின் அளவு, ஸ்டென்ட்டின் இரு முனையும் எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் இதில்தான் தெரியும். வெளியிலிருந்து எடுக்கும் ஆஞ்சியோகிராம் ரத்தம் ஓடும் வழியின் நிழலை மட்டும் காட்டும். சுவர் அதில் தெரியாது.

4. ஸ்டென்ட்டை வைத்து, தயாரிப்பாளரின் அட்டவணையில் சொன்ன அழுத்தத்தில் ஊதுவது. வகையைப் பொறுத்து இது 8 முதல் 12 அட்மாஸ்பியர்.

5. என்.சி. பலூனால் மறுபடி அழுத்துவது. இது அழுத்தம் ஏறினாலும் அதிகம் பருக்காத கெட்டியான பலூன். ஸ்டென்ட்டைவிடச் சற்றுக் குட்டையாக எடுத்து, முனைகளுக்கு வெளியே போகாமல் 16, 18, 20 அட்மாஸ்பியர் வரை.

6. மறுபடி உள்படம். குறை இருந்தால் அங்கேயே சரிசெய்து, திரும்பவும் பார்ப்பது.

இத்தாலிய இதய மருத்துவர் அன்டோனியோ கொலம்போவின் குழு 1995இல் காட்டியது இதைத்தான். உயர் அழுத்தத்தில் விரித்து, ஐவஸில் சரிபார்த்தால், அதுவரை எல்லாரையும் அச்சுறுத்திய ஸ்டென்ட் ரத்தக்கட்டி வெகுவாகக் குறைகிறது. 2023இல் வெளிவந்த ரெனொவேட் ஆய்வில் சிக்கலான அடைப்புள்ள 1,639 பேர் இருந்தார்கள். சுமார் இரண்டு வருடத்தில், உள்படம் பார்த்து வைத்தவர்களில் 7.7 சதவீதம் பேருக்கும், ஆஞ்சியோவை மட்டும் நம்பி வைத்தவர்களில் 12.3 சதவீதம் பேருக்கும் அந்தக் குழாயில் பாதகமான நிகழ்வு நேர்ந்தது. 2024இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் இடது பிரதானக் குழாய், உண்மையான கிளைச்சந்தி (பிரதானக் குழாயிலும் கிளையிலும் அடைப்புள்ள சந்தி), நீண்ட அடைப்பு ஆகியவற்றுக்கு உள்படத்தை முதல் தரப் பரிந்துரையாக்கியது. ஆகவே இதை ஆடம்பரம் என்று எண்ணிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

விரியாத ஸ்டென்ட்

எல்லாக் கோளாறுகளிலும் இதுவே மூத்தது. மறு அடைப்புக்கும் ரத்தக்கட்டிக்கும் இதைவிடப் பெரிய இயந்திரக் காரணம் கிடையாது.

காரணம் பெரும்பாலும் கால்சியம். ஓசிடியில் ஒரு எளிய மதிப்பெண் உண்டு. கால்சியம் வட்டத்தில் 180 பாகைக்கு மேல் சூழ்ந்திருந்தால் 2, தடிமன் அரை மி.மீ.க்கு மேல் என்றால் 1, நீளம் 5 மி.மீ.க்கு மேல் என்றால் 1. மொத்தம் நான்கும் சேர்ந்தால் சாதாரணப் பலூனுக்கு அது மசியாது, ஸ்டென்ட் விரியாது. சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட குழாய் அடிக்கடி இருக்கும். மொரிஷியஸில் சர்க்கரை இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை.

கல்லை உடைக்க வழிகள் உண்டு. வைரத் துகள் பதித்த குமிழை நிமிடத்துக்கு 1,40,000 முதல் 1,80,000 சுற்று வேகத்தில் சுழற்றிச் சுரண்டுவது ரோட்டாபிளேஷன். பலூனை 4 அட்மாஸ்பியரில் மென்மையாக ஊதி, ஒரு சுற்றுக்குப் பத்து அதிர்வுகளாக ஒலி அலையைச் செலுத்திக் கால்சியத்தில் விரிசல் உண்டாக்குவது லித்தோட்ரிப்சி. சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதே தத்துவம். மெல்லிய கத்திகள் பதித்த பலூனும் உண்டு. எல்லாமே ஸ்டென்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. வைத்த பிறகு விரியவில்லை என்று தெரிந்தால் மிக உயர் அழுத்த பலூனையும், சில நேரம் ஸ்டென்ட்டுக்கு உள்ளேயே லித்தோட்ரிப்சியையும் முயல்வார்கள். ஆனால் அது பின்புத்தி வைத்தியம்.

இலக்கு எண்கள்: இடது பிரதானக் குழாயைத் தவிர்த்த இடங்களில், ஸ்டென்ட்டின் மிகக் குறுகிய இடத்தின் பரப்பு ஐவஸில் 5.5 சதுர மி.மீ.க்கு மேல் அல்லது ஓசிடியில் 4.5க்கு மேல் இருக்க வேண்டும். அல்லது மேலும் கீழும் உள்ள நல்ல பகுதிகளின் சராசரிப் பரப்பில் 80 சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். இடது பிரதானக் குழாய்ச் சந்திக்கு ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்ற கணக்கை ஐவஸில் பார்ப்பார்கள்: பக்கக் கிளையின் வாயில் 5, முன்பக்கக் குழாயின் வாயில் 6, சந்தியில் 7, பிரதானக் குழாயில் 8 சதுர மி.மீ.

சுவரில் ஒட்டாத ஸ்டென்ட்

இதை விரியாமையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்டென்ட் தன் முழு அளவுக்கு விரிந்திருக்கும், ஆனால் குழாய் அதைவிடப் பெரிதாக இருக்கும். ஓசிடி படத்தில் ஒவ்வொரு கம்பியும் ஒரு பளிச்சிடும் புள்ளி, அதன் பின்னால் ஒரு கரிய நிழல். ஒட்டிய கம்பியின் புள்ளி சுவரின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கும். ஒட்டாத கம்பி, கரையில் இறங்காத படகைப் போல, சுவருக்கும் தனக்கும் இடையில் கரிய இடைவெளி விட்டு மிதக்கும்.

இடைவெளி 0.4 மி.மீ.க்குக் குறைவாகவும், அது சிறிது நீளத்துக்கு மட்டுமே இருந்தால் பெரும்பாலும் திசு வளர்ந்து மூடிவிடும். 0.4 மி.மீ.க்கு மேல், 1 மி.மீ.க்கும் அதிக நீளத்துக்கு என்றால் பெரிய பலூனால் அங்கேயே சரிசெய்வது நல்லது. மாரடைப்பு நேரத்தில் வைக்கும் ஸ்டென்ட்டுகளில் இது கூடுதல். அப்போது குழாய் சுருங்கியிருக்கும், உள்ளே ரத்தக்கட்டியும் கிடக்கும். சிறிய அளவு போதும் என்று தோன்றும். சில வாரங்களில் கட்டி கரைந்து, குழாய் தளர்ந்து, ஸ்டென்ட் தொளதொளவென்று ஆகிவிடும்.

முனைக் கிழிசலும் தவறிய இடமும்

ஸ்டென்ட் முனை கொழுப்பு நிறைந்த பகுதியில் முடிந்தால், கெட்டிக் கம்பியும் மென்மையான திசுவும் சேரும் விளிம்பில் உட்சுவர் கிழியும். பலூன் முனைக்கு வெளியே நீண்டாலும் இதே கதி. கிழிசல் வட்டத்தில் 60 பாகைக்கு மேல், நீளம் 2 மி.மீ.க்கு மேல், நடு அடுக்கு வரை ஆழம் என்றால் இன்னொரு ஸ்டென்ட்டால் மூட வேண்டும். அதைவிடச் சின்னதைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். தடுக்கும் வழி ஒன்றுதான்: கொழுப்பு குழாயின் பரப்பில் பாதிக்கும் குறைவாக உள்ள இடத்தில் முனையை உட்கார வைப்பது. அதற்கும் உள்படம் வேண்டும்.

நசுங்கிய ஸ்டென்ட்

மெல்லிய கம்பி வளைந்த குழாய்க்குள் எளிதில் போகும். ஆனால் நீளவாட்டில் தள்ளினால் ஆர்மோனியத் துருத்தியைப் போல மடியும். 2011க்குப் பிறகுதான் இது தனிக் கோளாறாகப் பரவலாகப் பேசப்பட்டது. வளையங்களை இணைக்கும் பாலங்கள் இரண்டே இருந்த வடிவமைப்புகளில் இது அதிகம் கண்டது. அதன்பின் சிலவற்றில் மேல்முனைப் பாலங்களைக் கூட்டினார்கள்.

எப்படி நேர்கிறது? ஸ்டென்ட் வைத்த பிறகு இரண்டாம் பலூனோ ஐவஸ் கருவியோ உள்ளே போகையில் மேல்முனையில் இடிக்கும். பெரிய குழாயின் நுனி ஆழமாக இறங்கி முட்டும். திரும்பி வரும் பலூன் மாட்டி இழுக்கும். பலூன் போகவில்லை என்று பலமாகத் தள்ளுவது இந்த விபத்தின் தொடக்கம். சரிசெய்ய, வயர் நிச்சயமாக ஸ்டென்ட்டின் நடு வழியேதான் போயிருக்கிறதா, கம்பிக்கு வெளியே போகவில்லையா என்று பார்த்து, சிறிய பலூனில் தொடங்கிப் படிப்படியாக விரிக்க வேண்டும். தேவைப்பட்டால் இன்னொரு ஸ்டென்ட்.

கழன்ற ஸ்டென்ட், மாட்டிய பலூன்

இவை அரிதானவை. வழியைச் சரிவரத் தயாரிக்காமல் கால்சியம் வழியே தள்ளும்போது, பலூன்மேல் இறுக்கிய ஸ்டென்ட் உரசிக் கழன்றுவிடும். வயர் இன்னும் அதன் உள்ளே இருந்தால் பாதி வெற்றி. வயரை எக்காரணம் கொண்டும் வெளியே இழுக்கக் கூடாது. மிகச் சிறிய பலூனை ஸ்டென்ட்டுக்கு அப்பால் செலுத்தி, ஊதி, மெல்லப் பின்னிழுத்து மீட்கலாம். சுருக்குக் கயிறு போன்ற கருவியாலும் பிடிக்கலாம். முடியாவிட்டால் இருக்கும் இடத்திலேயே விரித்துவிடுவார்கள், அல்லது வேறொரு ஸ்டென்ட்டால் சுவரோடு நசுக்கி ஒதுக்குவார்கள். நசுக்கி ஒதுக்கிய ஸ்டென்ட்டும் நோயாளியின் உள்ளேதான் இருக்கிறது. அது அறிக்கையில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

ஓட்டை

பலூனின் அளவு குழாயைவிடப் பெரிதானால், அல்லது கால்சியத்தின் கூர்முனை சுவரைக் குத்தினால், ரத்தம் இதயத்தைச் சுற்றிய உறைக்குள் கசியும். எல்லிஸ் வகைப்பாட்டில் மூன்று படிகள்: முதலாவது சிறு பள்ளம், இரண்டாவது சாயம் மங்கலாகப் படரும் கசிவு, மூன்றாவது பீச்சியடிக்கும் ஓட்டை. மூன்றாவதில் உடனே அங்கேயே பலூனை ஊதி அடைப்பார்கள். இது விநாடிக் கணக்கில் நடக்க வேண்டும். பிறகு உறையிட்ட ஸ்டென்ட், இதய உறைக்குள் ரத்தம் சேர்ந்தால் ஊசி வைத்து வடித்தல், தேவைப்பட்டால், ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்க புரோட்டமைன்.

வார்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. வயரின் நுனி குத்திய சிறு துளை மேசையில் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து நோயாளிக்கு வியர்த்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கினால் "மயக்கம், சர்க்கரை குறைஞ்சிருக்கும்" என்று இனிப்புக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். நர்ஸை அழைத்து, எக்கோ பார்க்கச் சொல்லுங்கள்.

கிளை வாய் அடைபடுவது

பிரதானக் குழாயில் ஸ்டென்ட் விரியும்போது அதன் கம்பிகள் கிளையின் வாயில் கம்பிக் கதவைப் போல நிற்கும். பெரிய கிளை என்றால் முன்கூட்டியே அதிலும் ஒரு வயர் போட்டுவைப்பார்கள். பிறகு சந்திக்கு மேலுள்ள பகுதியைப் பெரிய பலூனால் விரித்து, தேவைப்பட்டால் இரு பலூனையும் ஒரே நேரத்தில் ஊதி வாயைத் திறப்பார்கள். சின்னக் கிளை அடைபட்டால் சற்று நெஞ்சுவலியும் ரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் புரதம்) ஏற்றமும் இருக்கலாம். பல நேரம் அதை விட்டுவிடுவதே சரி.

உடைந்த ஸ்டென்ட்

இதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. பத்து வருடத்தில் 36 கோடிக்கும் மேல். அதனால்தான் ஸ்டென்ட்டுகளை ஆய்வகத்தில் பத்து வருடத்துக்கு ஈடாக 40 கோடி சுழற்சிகள் அசைத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் ஆய்வகக் குழாய் ஒரே சீராக அசையும். மனிதனின் வலது இதயக் குழாய் ஒவ்வொரு துடிப்பிலும் கதவுக் கீலைப் போல மடங்கி நிமிரும். ஒரு இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும் என்பதை நாம் எல்லாரும் கையால் செய்து பார்த்திருக்கிறோம்.

உடையும் வாய்ப்பைக் கூட்டுவன: வலது குழாய், அதிக வளைவு, நீண்ட ஸ்டென்ட், இரண்டு ஸ்டென்ட் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடம் (அங்கே இரட்டைக் கெட்டி, பக்கத்தில் ஒற்றை மென்மை), அளவுக்கு மீறி விரித்தது. உடைவில் ஐந்து வகை. முதல் வகையில் ஒரே கம்பி முறிந்திருக்கும். ஐந்தாம் வகையில் ஸ்டென்ட் இரண்டாகி நடுவில் இடைவெளி விழுந்திருக்கும். முதல் இரண்டும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே இருந்துவிடும். முறிந்த இடத்தில் மருந்துப் பூச்சும் தாங்கலும் இல்லாமல் போவதால், மேல் வகைகளில் சரியாக அந்த ஒரு புள்ளியிலேயே மறு அடைப்பு வரும். ஸ்டென்ட்டின் மீதிப் பகுதி சுத்தமாக இருக்க, நடுவில் மட்டும் கழுத்து நெரித்ததுபோல் அடைப்பு தெரிந்தால் முதலில் உடைவைச் சந்தேகிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க: சாயம் ஏற்றுவதற்கு முன் எக்ஸ்ரேயை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது, ஸ்டென்ட்டைத் தெளிவாக்கிக் காட்டும் மென்பொருள், ஐவஸ், ஓசிடி. 3 மி.மீ. அல்லது அதற்கு மேலான ஸ்டென்ட் என்றால் நல்ல சி.டி. ஸ்கேன் கருவியிலும் தெரியலாம். எக்கோவும் ஈசிஜியும் உடைவைக் காட்டா. தொந்தரவும் அடைப்பும் இல்லாவிட்டால் உடைந்ததை அப்படியே விட்டு மருந்தைத் தொடரலாம். அடைப்பு இருந்தால் மருந்து பூசிய பலூன் அல்லது புது ஸ்டென்ட். அதே கீலில் மேலும் மேலும் உலோகம் அடுக்குவது தீர்வாகாது.

இருமினால், பாரம் தூக்கினால், பஸ் குலுங்கினால் ஸ்டென்ட் நகரும் என்ற பயம் மிகப் பரவலாக உண்டு. சுவரில் அழுந்தி விரிந்த ஸ்டென்ட் அப்படி நகராது. விமான நிலையச் சோதனை வாயில் எதுவும் செய்யாது. எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலான ஸ்டென்ட்டுகளுக்கு வைத்த உடனேயே எடுக்கலாம். ஸ்டென்ட் அட்டையைக் காட்டினால் போதும்.

வீட்டார் செய்ய வேண்டியவை

மொரிஷியஸில் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். பலர் தனியாரிடம் போகிறார்கள். இன்னும் பலர் இந்தியாவுக்குப் போய் வைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வைத்த இடம் ஒன்று, பின்னால் பார்க்கும் இடம் வேறு. ஆகவே காகிதங்கள்தான் உயிர்நாடி.

திட்டமிட்ட சிகிச்சை என்றால் முன்கூட்டிக் கேளுங்கள்: கால்சியம் எவ்வளவு? உள்படம் எடுப்பீர்களா? கல்லாக இருந்தால் உடைக்கும் கருவி இங்கே இருக்கிறதா? மூன்றாவதற்கு "இல்லை" என்றால், அவசரமில்லாத பட்சத்தில் அந்தக் கருவி உள்ள இடத்துக்குப் போவதே புத்திசாலித்தனம். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை. அப்போது குழாயைத் திறப்பதே முதல் வேலை.

முடிந்ததும் கையில் வாங்க வேண்டியவை: ஸ்டென்ட்டின் பெயர், விட்டம், நீளம், லாட் எண் உள்ள ஒட்டுச்சீட்டு அட்டை. எந்தக் குழாய், எந்த அழுத்தத்தில் விரித்தது, கடைசிப் பலூனின் அளவு, மிகக் குறுகிய இடத்தின் பரப்பு எழுதிய அறிக்கை. ஆஞ்சியோ, ஐவஸ், ஓசிடி படங்கள் முழுமையாக உள்ள சி.டி. வட்டு. அறிக்கையைவிட சி.டி.யே மேல். எழுத்தில் "நல்ல பலன்" என்றிருக்கும் இடத்தில் படம் உண்மையைச் சொல்லும். விமானம் ஏறுமுன் அந்த சி.டி. ஒரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திறக்காத சி.டி.யோடு திரும்பி வருபவர்கள் ஏராளம். ரத்தக்கட்டி வரும் ஆபத்து முதல் 30 நாளில்தான் அதிகம் என்பதால், பயணத் தேதியை டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு செய்யாமல் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மாத்திரைகள்: ஆஸ்பிரின் 75 முதல் 100 மி.கி., கூடவே குளோபிடோக்ரெல் 75 மி.கி. தினம் ஒன்று, அல்லது டிகாக்ரெலோர் 90 மி.கி. இருவேளை. மாரடைப்பு இல்லாத நாட்பட்ட நோய்க்கு வைத்தால் பொதுவாக 6 மாதம், மாரடைப்புக்கு வைத்தால் 12 மாதம். ரத்தக்கசிவு ஆபத்துள்ளவருக்குக் குறைக்கலாம். குறைப்பதும் கூட்டுவதும் இதய மருத்துவர் கையில். ஒட்டாத கம்பியும் விரியாத வளையமும் இருந்தும் ரத்தக்கட்டி வராமல் காப்பது இந்த இரண்டு மாத்திரைதான். பல் பிடுங்குவதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் மாத்திரையோடே பிடுங்கலாம். பல் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசிக்கொள்ளட்டும். வயிற்றுக்காக ஒமெப்ரசோல் தொடர்ந்து எடுப்பவர் குளோபிடோக்ரெலும் எடுத்தால் பான்டோப்ரசோலுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒமெப்ரசோல் அதன் வேலையைக் குறைக்கும்.

தைப்பூசக் காவடி: பத்து நாள் விரதத்தில் மாத்திரையை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள்கூட விடக் கூடாது. மாத்திரை விரதத்தைக் கெடுக்குமோ என்ற ஐயம் இருந்தால் விரதம் தொடங்குமுன் கோவில் ஐயரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சில காப்ஸ்யூல்களின் உறை விலங்கு ஜெலட்டின். அது மனதுக்கு ஒப்பவில்லை என்றால் நிறுத்தாமல், மாத்திரை வடிவில் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒருவேளை உணவோடு இருப்பவர் சர்க்கரை மருந்தின் அளவை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு ரத்தத் தடுப்பு மாத்திரை எடுக்கும் காலத்தில் கன்னத்திலும் நாக்கிலும் வேல் குத்திக்கொள்வது வேண்டாம். குத்துவதற்காக மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. அந்த வருடம் பாற்குடம் எடுக்கலாம், வேண்டுதலை அடுத்த வருடத்துக்கு வைக்கலாம். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் வெறுங்காலோடு மலையேறும் நாளில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தக் கூடாது.

வலி திரும்பினால்

ஓய்வில் நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் திடீர் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். சாமு அவசர ஆம்புலன்ஸை 114இல் அழையுங்கள். காரில் ஏற்றி நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். உட்கார வையுங்கள். ஸ்டென்ட் வைத்த தேதியையும், மாத்திரை விட்டுப்போயிருந்தால் அதையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஒவ்வாமை இல்லாவிட்டால் அவர்கள் சொல்லும்படி 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யலாம். நாக்கடி ஸ்பிரே இருந்தால், உட்கார்ந்தபடி, டாக்டர் சொன்ன அளவு மட்டும். ஆண்மை மாத்திரை எடுத்திருந்தால் அந்த ஸ்பிரே கூடாது, மாத்திரை எடுத்ததை மறைக்கவும் கூடாது.

நடந்தால் வலி, நின்றால் போய்விடுகிறது என்று மாதங்கள் கழித்து மெல்ல வந்தால் அது பெரும்பாலும் மறு அடைப்பு. மறு ஆஞ்சியோ எடுக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே: ஏன் அடைத்தது என்று உள்படத்தில் பார்த்துவிட்டுத்தான் சரிசெய்வீர்களா? விரியாததால் அடைத்திருந்தால் முதலில் விரிக்க வேண்டும், பிறகு மருந்து பூசிய பலூன். உடைந்ததால் என்றால் வழி வேறு. திசு வளர்ந்ததால் என்றால் இன்னும் வேறு. காரணம் பார்க்காமல் விரியாத ஸ்டென்ட்டுக்குள் இன்னொன்றைத் திணித்தால், குறுகிய குழாய்க்குள் இரண்டு அடுக்கு உலோகம் சேர்ந்து இன்னும் குறுகும். மூன்றாம் முறை வைக்க இடமே இருக்காது.

புயல் காலம் நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை. மூன்றாம், நான்காம் வகுப்பு எச்சரிக்கையில் மருந்துக் கடைகள் மூடிவிடும், சாலையில் இறங்க முடியாது. 2024 ஜனவரி 15இல் பெலால் புயலன்று போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. இரண்டு வார மாத்திரை, ஸ்டென்ட் அட்டை, அறிக்கையின் நகல், சி.டி. நான்கையும் நீர் புகாத ஒரே பையில் போட்டு, மெழுகுவத்தியும் டார்ச்சும் வைக்கும் அதே இடத்தில் வையுங்கள். அட்டையைக் கைபேசியிலும் படமெடுத்து, மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள்.